பச்சைப் பெயின்ட் அடித்த ஓவன்

அன்புள்ள அம்மாவுக்கு, தெல்பினா எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? தம்பிகள் இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, இல்லை உன் உயிரை எடுக்கிறார்களா? நான் நலம்.

இந்தச் செபு நகரத்தில் உன் மகள் பெயர் வாங்கிவிட்டாள், கேள். மறுநாள் திருவிழா என்ற நேரத்தில் கொர்னேலியா அக்கா பேக்கரியின் பெரிய கேஸ் ஓவன் மக்கர் பண்ணியது. பற்றும், ஐந்தே வினாடியில் தானாக அணைந்துவிடும். இரண்டு மெக்கானிக்குகள் பற்றவைக்கும் பெட்டியையே மாற்றிப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். கடைசியில் ரிப்பேருக்கு எங்கள் கம்பெனியிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

என்னைப் பார்த்ததும் ரொட்டி போடும் பெலிசிமோ அண்ணன், "ஆம்பளைங்களாலயே ஆகல, இந்தப் பொண்ணு வந்து ஊதியா பத்தவைக்கப் போவுது?" என்று சிரித்தார்.

நான் பெட்டியைத் தொடவே இல்லை. "அக்கா, இதுக்கு எப்போ பெயின்ட் அடிச்சீங்க?" என்றேன்.

"திருவிழாவுக்குத்தான். பச்சை எடுப்பா இருக்குல்ல?"

எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, பெயின்ட் மேலேயே திரும்பத் திருகியிருந்தார்கள். அந்தக் கம்பி வெறும் இரும்பைத் தொட்டால்தான் தீ எரிவது பெட்டிக்குத் தெரியும். இல்லாவிட்டால் கேஸை மூடிவிடும். திருகுக்கு அடியில் பெயின்டைக் காசளவு சுரண்டிவிட்டு, கம்பியைத் திரும்ப முடுக்கினேன். ஓவன் பற்றியது, நின்று எரிந்தது! அண்ணன் மாவுத் தட்டோடு ஓடி வந்தார்.

என் புருவ பென்சிலை அனுப்பு. நடுவில் ஒருமுறை 'டப்' என்றதில் இடது புருவம் லேசாகக் கருகிவிட்டது, வேறொன்றுமில்லை.

முதல் ஈடு ரொட்டியை அக்கா எனக்கே கட்டிக் கொடுத்தார். "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்றார். யோசிக்காமல், உங்கள் மூன்று பேரையும் சேர்த்து, "நாலு பேர்" என்றேன். மூன்று நாளாக நாலு பேர் ரொட்டியையும் நானே தின்கிறேன்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் தெல்பினா