சாயாவை விட்ட மூன்று நாள்

மட்டாஞ்சேரி, 5.1.1979

அன்பு சந்தனமாரிக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு இடுப்பு வலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

புது வருஷத்திலிருந்து சாயா குடிப்பதை விட்டுக் காசு சேர்ப்பது, மலையாளம் வாசிக்கப் படிப்பது என்று முடிவெடுத்தேன். சாயாவை விட்டது மூன்று நாள்தான். நாலாம் நாள் சாயாக்கடை வர்கீஸ் சேட்டன் எங்கள் மிளகுக் கிட்டங்கிக்கே தேடி வந்துவிட்டார்.

"எந்தா முப்பிடாதி, சுகமில்லையோ?"

தமிழன் என்பதால் கிட்டங்கியில் எல்லோருக்கும் நான் 'பாண்டி'தான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவரே. அன்றைக்கே போய்க் குடித்துவிட்டேன், கோபிக்காதே. மலையாளத்தை விடவில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் இட்லிப்பொடி கொடுத்துவிடு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இன்னொன்று: புருஷன் பேரை எழுதக்கூடாதென்று விலாசத்தை மட்டும் பக்கத்து வீட்டில் எழுதி வாங்குகிறாயே, இனிமேல் அதையும் நீயே எழுது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

முப்பிடாதி