கெல்லரில் இருபத்தொரு போத்தல்

மார்ச் 3, செவ்வாய்

ஈரப்பனி. காலை ஷிப்ட், நான் ஓட்டும் பஸ்ஸில் கூட்டமில்லை. இரண்டரைக்கு வீடு. சீருடை மாற்றாமல் நேரே கீழே, கட்டடத்தின் நிலவறையான கெல்லருக்கு.

போத்தலில் பியர் அடைத்து ஒன்பதாம் நாள். ஒன்றைத் திறந்தேன். நுரை சீறி வந்து கை, சட்டை, சுவர் எல்லாம். மிஞ்சியது அரைக் கிளாஸ். ஆனால் அதே ருசி. கலியாணம் முடித்த வருடம் நீர்கொழும்புக் கடற்கரையில் சிவா வாங்கித் தந்த அதே லாகர். முன்பு இங்கே, ஜெர்மனியில், தமிழ்க் கடைக்கு வரும். இப்போது வருவதில்லை. ஜெர்மன் பியர் எனக்குக் கசப்பு. அதனால்தான் நானே காய்ச்சுவது: வெளிர் மோல்ட் என்கிற முளைவிட்ட பார்லி, கால் பங்கு பச்சரிசி, கசப்புக்கு ஹொப்ஸ் பூ கொஞ்சம், குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட். முதல் முறை அவித்த சோளம் மாதிரி மணந்தது. இரண்டாம் முறை புளித்தது. இது மூன்றாவது.

மிச்சம் இருபத்தொரு போத்தல். சிவாவுக்கு மட்டும் தெரியும். அவர் லொறி ஓட்டப் போனால் வெள்ளி பின்னேரம்தான் வருவார். வேறு ஒருவருக்கும் தெரியாது. பொம்பிளை பியர் காய்ச்சுகிறாள் என்று தெரியவும் கூடாது.

நுரை ஏன் இவ்வளவு? நாளை பார்க்க வேண்டும். பால், சவர்க்காரம் வாங்க.

மார்ச் 4, புதன்

விடுமுறை. கொஞ்சம் வெயில். பதினொரு மணியளவில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, காலுக்குக் கீழே ஒரு வெடிச் சத்தம்.

கெல்லர் முழுக்கப் புளித்த மாவு வாசம். மேல் தட்டில் ஒரு போத்தல் இல்லை. கழுத்து மட்டும் மூடியோடு மூலையில். ஒரு துண்டு கதவுப் பலகையில் குத்தி நின்றது, என் முகத்தின் உயரத்தில். நேற்று நான் நின்ற இடம்.

கெல்லரில் வீட்டுக்கொரு தடுப்பு; என் தடுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மரச்சட்டம்தான், விரற்கடை இடைவெளிகளோடு. அடுத்தது மூன்றாம் மாடி மலரக்காவுடையது. கோயிலுக்கு வெள்ளிக்கிழமைப் பொங்கல் அவர் பொறுப்பு. அரிசிமூட்டை, பெரிய பானை எல்லாம் அங்கேதான். வாய் திறந்திருந்த மூட்டையின் மேல் இரண்டு கண்ணாடிச் சில்லு. இடைவெளியால் விரல் விட்டு எடுத்தேன். வேறு இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன்.

நேற்றைய போத்தலின் அடியில் கிடந்ததைச் சீனி பார்க்கும் மானியால் அளந்து பார்த்தேன். சீனி இன்னும் இருக்கிறது. குளிரில் ஈஸ்ட் உறங்கிப்போனதை, வேலை முடிந்ததென்று நம்பி அடைத்துவிட்டேன். சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்ததும் எழும்பி, சீனியை வாயுவாக்கி உள்ளே நிரப்புகிறது. மிச்ச இருபதும் அப்படித்தான். சூட்டுக் குழாயை மூடி, என் தடுப்பின் கதவைப் பூட்டி மேலே வந்தேன்.

படியில் மலரக்கா.

"என்ன சத்தம் வசந்தி? மேல வரைக்கும் கேட்டது."

"தெரியாதக்கா. றோட்டில லொறி ஏதும் போயிருக்கும்."

எவ்வளவு சுலபமாக வந்தது.

சிவாவுக்கு ஃபோன். "ஒருதருக்கும் சொல்லாதையும். அந்த மனுசிக்குத் தெரிஞ்சா கோயில் முழுக்கத் தெரியும். நான் வெள்ளி வந்து பாக்கிறன்."

"அதுக்குள்ள அவ கீழ போனா?"

"பொங்கல் வெள்ளிதானே."

கெல்லர் வாசலில் ஒரு தாள் ஒட்டலாம், போக வேண்டாம் என்று. ஏன் என்று கேட்பார்கள். ஒட்டவில்லை.

மார்ச் 5, வியாழன்

நித்திரை இல்லை. ஐந்து மணி ஷிப்ட். பஸ் கதவு காற்றுவிட்டுத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தலை தானாகக் குனிந்தது. ஒரு தரிப்பில் நிறுத்தாமல் போய்விட்டேன். ஒரு கிழவர் திட்டினார்.

இடைவேளையில், மோல்ட் வாங்கிய கடைக்கு ஃபோன். கடைக்காரர் சிரிக்கவில்லை. "அசைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து நன்றாகக் குளிர விடுங்கள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறவுங்கள். அந்தப் பக்கம் வேறு யாரும் போவார்களா?"

"இல்லை" என்றேன். இரண்டாவது பொய்.

ஒன்றேகாலுக்கு வீடு. கெல்லர்ப் படியில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

மலரக்கா சட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்து பானை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கும் என் தட்டுக்கும் ஒரு முழம் இருக்காது.

"அக்கா, மேல வாங்கோ."

"பொறும், பானையை எடுத்திட்டு..."

"விடுங்கோ பானையை. இப்ப வாங்கோ அக்கா."

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை நான் பிடித்தது இதுதான் முதல் முறை. படியேறி, கதவைச் சாத்தி, அங்கேயே நின்று எல்லாம் சொன்னேன். பியர், போத்தல், வெடித்தது. அவர் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப நேற்றுக் கேட்டது லொறி இல்லை."

"இல்லை அக்கா."

"அந்தக் கண்ணாடி என்ர பக்கமும் வந்ததோ?"

"மூட்டையில ரெண்டு கிடந்தது. எடுத்திட்டன்."

அவர் உடனே மேலே ஏறினார். முழங்கால் வருத்தக்காரி, நிற்காமல் ஏறினார். நானும் பின்னால். காலையிலேயே கீழே போய் அரிசி அள்ளிவந்திருக்கிறார். சட்டியில் அப்படியே இருந்தது, நாளைக்குப் பொங்க. கோயிலில் குழந்தைகளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள்.

வெள்ளைச் சீலை விரித்து அரிசியைப் பரப்பினோம். பிடி பிடியாகத் தள்ளிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. எனக்கு மூச்சு வரத் தொடங்கியது. அப்போது அவர் விரல் நின்றது. மண்ணிறச் சில்லு, வெட்டிய நகத்துண்டு அளவு.

உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"பியர் குடிக்கிறது உம்மட விருப்பம், வசந்தி. அது எனக்குத் தேவையில்லாத கதை. நேற்று நான் உம்மட்டக் கேட்டனான்."

அரிசி முழுவதையும் குப்பைப் பையில் கொட்டிக் கட்டினார். நான் உதவப் போனதும் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பின்னேரம்: கெல்லர் ஜன்னல் இரண்டும் திறந்தாயிற்று. வாசலில் தாள் ஒட்டினேன், பெரிய எழுத்தில், என் பெயரும் போட்டு.

மார்ச் 6, வெள்ளி

வெளியே உறைபனி. கெல்லரில் மூன்று பாகை. லீவு சொன்னேன். சிவாவுக்காகக் காத்திருக்கவில்லை.

சிவாவின் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட், பனிக்கால ஜக்கெட் இரண்டு, தடித்த தோல் கையுறை, பழைய கம்பளி. கம்பளிக்குள் கைவிட்டு மூடியைத் தடவிப் பிடித்து, திறப்பானைக் கொளுவி, கண்ணை மூடிக்கொண்டு. ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே பெரிய சத்தமாக. நாலாவது போத்தலில் அழுகை வந்தது. துடைக்க முடியவில்லை, ஹெல்மெட் கண்ணாடி மறைத்தது. பதினொன்றாவது கையிலேயே வெடித்தது. கம்பளி தாங்கியது. சுவரோடு குந்தி இருந்தேன், எவ்வளவு நேரம் தெரியாது. பிறகு மிச்ச ஒன்பது.

எல்லாம் வடிகாலில். வாயில் ஒரு சொட்டும் வைக்கவில்லை. நேற்று திறந்தபடி விட்டுவந்த மலரக்காவின் தடுப்பிலிருந்து அரிசிமூட்டையையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். தரையை மூன்று தரம் கூட்டி, ஈரத் துணியால் துடைத்தேன்.

முடிந்ததைச் சொல்ல, கடையில் வாங்கிவந்த புது மூட்டை அரிசியோடு மூன்றாம் மாடிக்கு. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. மலரக்கா ஃபோனில், கோயிலோடு.

"ஓம், இண்டைக்கு ஏலாது. பொங்கல் இல்லை. இல்லை இல்லை, அரிசி எல்லாம் கிடக்கு. எனக்குத்தான் முழங்கால் நோகுது. வேறென்ன, வயசுதானே."

என்னைக் கண்டார். என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஓம், வேறொண்டும் இல்லை."

மூட்டையை வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன்.