பெட்டியில் நான் மிச்சம்பிடித்த இடம்

மார்கழி 18, வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ்.

நாளை அவருக்குக் கப்பல். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போகிறார். கம்பளிக் கோட்டும் இரண்டு போர்வையும் டிரங்குப் பெட்டியில் அடங்கவில்லை. நான்தான் இறுக்கிச் சுருட்டி, நாடாவால் கட்டி, காலுறைகளைக் கோட்டுக் கைக்குள் திணித்துப் பாதிப் பெட்டியைக் காலியாக்கினேன்.

"கெட்டிக்காரிதான் நீ" என்றார். பூரித்துப் போனேன், மடச்சி.

சாயங்காலம் பாச்சை உருண்டை போடத் திறந்தேன். நான் மிச்சம்பிடித்த இடம் நிரம்பப் பட்டுத் துணிகள், மேலே புதுக் கூறைப்புடவை. முனையில் மஞ்சள்கூடத் தடவியாகிவிட்டது.

"இது யாருக்கு?"

"தையிலே எனக்குக் கல்யாணம். அம்மா பொண்ணு பார்த்துட்டாங்க. நமக்குத்தான் பிள்ளை இல்லியே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு, "மூட மாட்டேங்குது. கொஞ்சம் ஏறி உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் பூட்டினார்.