சம்பந்திக்குக் கார், அம்மாவுக்கு ரயில்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. முட்டி வலியையும் சுகத்தில் சேர்த்துக்கொண்டால் நானும் அப்பாவும் இங்கே சுகம்தான். நீயும் மருமகளும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, குட்டை மாமா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு சினிமா வில்லன் மாதிரி திரிகிறார். உனக்கு இப்படியெல்லாம் எழுத வேண்டாம், "அவன் பாவம், வேலையில இருக்கிறவன்" என்று அப்பா தடுத்துப் பார்த்தார். நான் மட்டும் என்ன, தையல் மெஷினை விட்டு எழுந்த நாள் உண்டா?

அடுத்த மாதம் மருமகளுக்குப் பிரசவம், நீ வந்து இருந்தால்தான் ஆகும்மா, டிக்கெட் போடட்டுமா என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். போன தடவை நான் புறப்படும்போது என்ன சொன்னாய்? "இந்த ஊர்ல யாரும் ஏர்போர்ட்டுக்குக் கார்ல வர மாட்டாங்கம்மா, எல்லாரும் ரயில்தான்" என்றாய். நம்பினேன். நம்பினது போதாதென்று, அங்கே பெரிய அதிகாரிகூட ரயிலில்தான் போவாராம் என்று துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஏர்போர்ட்டிலேயே ரயில் ஏறு, பெரிய ஸ்டேஷனில் மாறு, இறங்கினதும் எதிரே பஸ், அவ்வளவுதான் என்றாய். அவ்வளவுதானா? பெரிய ஸ்டேஷனில் லிஃப்ட் ஓடவில்லை, சக்கரம் உடைந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படி படியாக ஏறினேன், பின்னால் வந்தவனெல்லாம் முணுமுணுத்தான். எதிரே பஸ் என்றாயே, அங்கே பஸ்ஸும் இல்லை, ஸ்டாப்பும் இல்லை, பள்ளம் தோண்டி வேலி போட்டு வைத்திருந்தார்கள். தெருவைப் பெருக்குகிற பெண் ஒருத்திதான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, பாலத்துக்கு அடியில் இருந்த புது ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட்டாள். "இத மாத்தி ரொம்ப நாளாச்சே, உங்க பையனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அவனுக்கு ஆயிரம் வேலை என்று உன்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். ஆனால் நீ அந்த வழியில் ஒரு நாளும் போனதில்லை என்பது அங்கேயே உறைத்துவிட்டது.

அதையும் விழுங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். நீ லீவு போட்டாய், காரைக் கழுவினாய், மருமகள் முன்னால் ஏறிக்கொண்டாள். "பின்னாடி அவங்க ரெண்டு பேரும் உட்காரணும், நீ வீட்டுல இரும்மா" என்றாய். சரி, வருகிறவர்களுக்கு ஏதாவது செய்து வைப்போம் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன், சமையல் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டீர்கள். அவ்வளவு பக்கமாடா அந்த ஏர்போர்ட்? எனக்கு அரை நாள் ஆனதே! சம்பந்தியம்மா நல்லவள், அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். "நீங்களும் இப்படிச் சொகுசாத்தானே வந்தீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். நீ பக்கத்தில்தான் நின்றாய். உன் மானத்தைக் காப்பாற்ற நான்தான் ஆமாம் என்றேன். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. பெற்ற மனம் பித்து என்பார்கள், எனக்கு அன்றைக்கே பித்து தெளிந்துவிட்டது.

வர மாட்டேன் என்று சொல்லவில்லை, பிள்ளை பெறப் போகிறவள் என்ன பாவம் செய்தாள்? வருகிறேன். ஆனால் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்காதே, ஏற மாட்டேன். ரயிலில் வா. பெட்டியை நீ தூக்கு. அதே பெட்டிதான், சக்கரத்தை இன்னும் சரிபண்ணவில்லை, பண்ணவும் போவதில்லை. இதற்குச் சம்மதம் என்றால் டிக்கெட் போடு, இல்லாவிட்டால் அங்கேயே சம்பளத்துக்கு ஓர் ஆளைப் பார்த்துக்கொள்.

மருமகள் சுகமாகப் பெற்றுப் பிழைக்கட்டும், அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. பேத்திக்கு முத்தம். நீ நூறு வயது நன்றாக இரு. பெரிய ஸ்டேஷனில் எங்கே மாறுவது என்று தெரியாமல் முழிக்காதே, என் பின்னாலேயே வா, நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ரயிலில் வந்த உன் அம்மா