கடலில்லாத ஊருக்குப் புயல் எச்சரிக்கை

அக்கா, கடலே இல்லாத நம் ஊரில் "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று மைக்கில் முழங்கியவன் நான்தான். அந்த வரியை எழுதித் தந்தவன் என்று இத்தனை நாள் என் எதிர்க்கடை மைக் செட்காரன் மேல் பழி போட்டிருந்தேன். இன்று காலை, மழை விட்டதும் வாய்க்காலோரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். நெடி மூக்கில் ஏறி, தும்மல் வருவதற்கு முன்பே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள். உங்கள் புடவை, கைப்பை, நீங்கள் போடும் காப்பி, எல்லாவற்றிலும் அந்த வாசனைதானே!

சென்னைப் பக்கம் புயல், நமக்கும் கனமழை என்ற அன்று, சுகாதார நிலையத்து நர்ஸாக நீங்கள் கேட்டது சின்ன உதவி: "ஒரு எச்சரிக்கை எழுதி, ஆட்டோல மைக்கு கட்டி, லைன் லைனா சொல்லிட்டு வா தம்பி." எனக்கு எழுதச் சோம்பல். செல்போனில் வந்த கடலோர மாவட்டத்து அறிவிப்பை எடுத்து, நடுநடுவே "அன்பார்ந்த பெருமக்களே" சேர்த்து வாசித்துவிட்டேன்.

நந்திதுர்க் லைனில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பெண்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். "இன்னாபா, பங்காருபேட்டைக்கு படகு எத்தினி மணிக்கு?" நானும் கூடச் சிரித்தேன். நீங்கள் மட்டும் குடையோடு ஓடிவந்து ஆட்டோவை மறித்தீர்கள்.

"அதுக்கு அப்பால இன்னா சொன்ன?"

"பள்ளத்துல இருக்கறவங்க மேடான இடத்துக்குப் போங்கன்னேன்."

"நம்ம லைனாண்ட இன்னா மேடு கீது?"

திரும்பிப் பார்த்தேன். சயனைடு மேடு. சயனைடால் தங்கம் பிரித்தெடுத்த சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையான அது, மழை வலுத்தால் கரைந்து சரியும். அதை நோக்கி ஒரு பென்ஷன்காரப் பெரியவர், கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். என் பேச்சை வாழ்நாளில் மதித்த ஒரே மனிதர்.

அவரைக் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்றே வரி எழுதினீர்கள். "சயனைடு மேட்டுக்குப் போவாதீங்க. ஸ்கூலுக்கு வாங்க. தண்ணிய கொதிக்க வெச்சு குடிங்க."

"பெருமக்களேன்னு ஆரம்பிக்கட்டுமாக்கா?"

"நீ பெருமக்களேன்னு முடிக்கறதுக்குள்ள தண்ணி உள்ள வந்துடும். போ."

கொட்டும் மழையில் அந்த மூன்று வரியைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனேன். இருட்டுவதற்குள் பள்ளத்து லைன் முழுக்கப் பள்ளிக்கூடத்தில். விடிந்து பார்த்தால் மேட்டின் ஒரு பக்கம் சரிந்து, சாம்பல் நிறச் சேறாக வீதியில் கிடந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை, ஒரு வயிற்றுப்போக்குகூட இல்லை. அன்றுமுதல் "என் குரலால் பிழைத்த ஊர்" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன். நீங்களும் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டீர்கள்.

இப்போதும் மழைக்காலத்தில் அறிவிப்பு எழுதக் கூப்பிடுகிறார்கள். எழுதி முடித்ததும், "எங்க போவச் சொல்ற? அங்க இன்னா கீது?" என்று உங்கள் குரலில் ஒவ்வொரு வரியையும் கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, உங்கள் காரியத்தன்று அந்தக் கோழிக்கூடைப் பெரியவர்தான் போட்டு உடைத்தார். அன்று இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பியபோதே மைக்கின் ஹார்ன் ஸ்பீக்கர் ஒயர் கழன்று தொங்கியதாம். ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லையாம். ஆட்டோவுக்குப் பின்னாலேயே நீங்கள்தான் கதவு கதவாகத் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தீர்களாம். கூடவே இதையும் சொன்னீர்களாம்:

"அவன்கிட்ட யாரும் சொல்லாதீங்க. பாவம், சந்தோசமா கத்திக்கினு போறான்."