எல்லைக்கல்லுக்கு அங்கிட்டு ஒரு சொக்கப்பனை

தாது வருடம், திருக்கார்த்திகை, இரவு.

தலையெல்லாம் ஓலைப்புகை வாசம். தூக்கம் வரவில்லை.

கூரை வீடுகள் இருப்பதால் தெருவில் நெருப்பு வளர்க்கக் கூடாது, மீறினால் வழக்கு என்று முனிசிபாலிடி தண்டோரா போட்டிருந்தது. பிள்ளையார் கோயில் காரியங்களை நடத்துகிறவர் அப்பா. வழக்கு வந்தால் அவர் தலையில்தான். சொக்கப்பனை கொளுத்தாத கார்த்திகையா என்று சோறுகூட இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

முனிசிபாலிடி எல்லைக்கல் கோயில் வாசலிலேயே இருப்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். கல்லுக்கு இந்தப் பக்கம் மதுரை, அந்தப் பக்கம் கிராமம். அங்கே பனையை நட்டு ஓலை கட்டினோம்.

கொளுத்தப் போகும்போது சுகாதார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கல்லைப் பார்த்தார், பனையைப் பார்த்தார்.

"ஒரு பொறி இங்கிட்டு விழுந்தாலும் உங்க மேல கேஸ்தான்," என்றார்.

"பொறிக்கு எல்லை தெரியுமாய்யா?" என்று அப்பா பதறினார்.

"நாங்க சொல்லிக் குடுக்குறோம் சார்," என்றேன். அப்பா என் காதைத் திருகினார்.

தெருப் பெண்களெல்லாம் குடமும் கையுமாகக் கல்லை ஒட்டி வரிசை கட்டினார்கள். பனை சடசடவென்று எரிந்தது. பொறி பறந்த பக்கமெல்லாம் தண்ணீரும் பறந்தது. ஒரு பொறி இன்ஸ்பெக்டரின் தொப்பியில் உட்காரப் போனது. அத்தனை குடமும் அவர்மேல் கவிழ்ந்தன.

சொட்டச் சொட்ட நின்றவர் வெடித்துச் சிரித்தார். அப்புறம்தான் அப்பாவுக்கு உயிர் வந்தது.

நெருப்பு தணிந்ததும், காப்பாக வீட்டில் வைக்கவும் வயலில் ஊன்றவும் கரிக்கட்டைக்கு எல்லாரும் முண்டினார்கள். அந்தக் கும்பலில் இன்ஸ்பெக்டரும் என்னிடம் கை நீட்டினார்.

"மாப்ள, எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுறா. வெறுங்கையோட போனா வீட்டுக்காரி என் மேல கேஸ் போடுவா."