இரட்டைத் தலைப் பூனைக் கூடை

என் பிரியமுள்ள வசந்தாக்காவுக்கு,

நீ போய் ஆறு மாதமாகிறது. இங்கே வாலாஜாபாத்தில் என் மாமியார் நேற்றும் உன்னைப் பற்றித்தான் பேசினார். திட்டினாரா, புகழ்ந்தாரா என்று எனக்கே புரியவில்லை.

என் நிச்சயதார்த்தத்துக்குப் பழம் வைக்க நீ ஒயர் கூடை பின்னினாயே. பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகையில், தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்காரர்கள் ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் நெய்த போர்வையின் படம்; அதைப் பார்த்து அப்படியே கூடையில் போட்டாய். ஓரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்ப் படிக்கட்டு மாதிரி கோலம். நடுவில், உடம்பின் இரண்டு முனையிலும் தலை உள்ள பூனை. கல்யாணக் காரியத்துக்கு வேறு படமே கிடைக்கவில்லையா உனக்கு?

படப்பையில் நம் வீட்டுக் கூடத்தில் அந்தக் கூடையைப் பார்த்ததும் மாமியார் முகம் மாறியது.

“இன்னாம்மா இது, ரெண்டு தல கீது? நாங்க ரெண்டு விதமா பேசறவங்கன்னு குத்திக் காட்டுறியா?”

“ஐயோ, இல்ல அத்தே. இது பெரு டிசைன்.”

“பெருநகரா? அங்க எங்க சித்தி வூடு கீது. இப்படி ஒரு பூனைய நான் பாத்ததே இல்ல.”

அத்தோடு நீ விட்டிருக்கலாம். பத்திரிகையை எடுத்து வந்து, படத்தின் கீழிருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து, “இது செத்தவங்க மேல சுத்திப் புதைச்ச துணி” என்று விளக்கினாய்.

மாமியார் எழுந்துவிட்டார். அவர் பின்னாலேயே அத்தனை பேரும் எழுந்தார்கள். அப்பா வெற்றிலைத் தட்டோடு அப்படியே நின்றார். ஒரு பூனையால் என் கல்யாணம் நிற்கப்போகிறது என்று எனக்கு அழுகை முட்டியது.

நீ மட்டும் உட்கார்ந்தபடியே சொன்னாய்: “மண்ணுக்குள்ள அத்தினி வருஷம் கெடந்தும் சாயம் போவல பாருங்க, அத்தே.”

“சாயம் போவலியா?”

அவருடைய புதுப் புடவை ஒன்று முதல் தண்ணீரிலேயே சாயம் விட்டிருந்ததாம். மாமனார் ரோஸ் வேட்டியில் வந்திருந்ததற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். “ஓரம் நல்லாதான் கீது. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பூனைக்கு ஒரு தல போதும்.”

“ஒரு தலைன்னா அது பெரு பூனையே இல்ல, அத்தே.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி, ரெண்டும் இருக்கட்டும். ஒண்ணயாவது சிரிச்ச மாதிரி போடு,” என்று சொல்லிவிட்டு மாமியார் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அடுத்த மாதம் உன் மகள் மலருக்குப் பிரசவம். பிறக்கிற பிள்ளைக்கு உன் வாய் வந்துவிடுமோ என்று அவள் மாமியார் இப்போதே பயப்படுகிறாராம். வரட்டும் அக்கா. மலரை நான் இங்கே அழைத்துக்கொள்கிறேன். அவளுக்கு அம்மா இல்லை என்ற குறை தெரியாமல் பார்த்துக்கொள்வேன். பிள்ளை என்ன பேசினாலும் நான் அதன் பக்கம்தான்.

உன் கூடப்பிறந்த
சரோஜா